மூன்றாம் ஷெட்டின் கேட்புத் திறன்

இதெல்லாம் நடந்த வரிசை இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரேடியோ கெட்டது முதலிலா, கல்லூரியில் கைப்பேசி கொடுத்தது முதலிலா என்பதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. நாச்சிமுத்துவைக் கேட்டால் கைப்பேசிதான் முதலில் என்பார். அவர் மனைவி வசந்தாமணியோ, ரேடியோவுக்குள் பல்லி போய்ச் செத்தது ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள், அன்றைக்குத்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன், என்னிடம் யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம் என்பாள். இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஞானமேரு கலை அறிவியல் கல்லூரியின் கோப்பில் மூன்றாவதாக ஒரு தேதி இருக்கிறது. கோப்பில் இருப்பதால் அதுதான் சரியாக இருக்க வேண்டும்.

சேந்தமங்கலத்துக்கு மேற்கே நாச்சிமுத்துவுக்கு நான்கு ஷெட் முட்டைக்கோழி. ஒரே பெண் கனிஷ்கா ஞானமேருவில் பி.காம். மூன்றாம் ஆண்டு படித்தாள். அந்த ஜூலையில் பெற்றோர் கூட்டம் என்று கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நாச்சிமுத்துவுக்குக் கூட்டங்கள் ஒத்துவராது. தனக்குத் தெரிந்தவற்றில் பாதியை அவர் வாயை மூடிக்கொண்டிருந்து தெரிந்துகொண்டவர். ஆனாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மேடையில் முனைவர் குணசீலன் பேசினார். மொழித் தொழில்நுட்பப் புல இயக்குநர் என்பது அவருடைய பதவி. அந்தப் பதவி அந்த மாதம்தான் உண்டாகியிருந்தது.

"பெற்றோர்களே, ஒரு குழந்தை தாய்மொழியை எப்படிக் கற்கிறது? கேட்டுக் கற்கிறது. பிறந்து ஒன்றரை வருஷம் அது பேசுகிறதா? இல்லை. அதே அறிவியல் முறையைத்தான் ஆங்கிலத்துக்கு நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம். இனி உங்கள் பிள்ளைகளை இந்த வளாகத்தில் ஆங்கிலம் பேச விடமாட்டோம் என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டினார்கள். நாச்சிமுத்துவும் தட்டினார்.

"பாட்காஸ்ட் என்பது ஆசிரியர் வராத வகுப்பு. ஆசிரியர் வந்தால் என்ன ஆகும்? இருமுவார். லீவு போடுவார். மாணவர்கள் சந்தேகம் கேட்பார்கள், அவர் விழிப்பார். பாட்காஸ்ட் விழிக்காது. ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி ஒரு கைப்பேசி தரும். அதில் செவிச்சுடர் என்ற செயலி இருக்கும். பருவத்துக்கு முந்நூறு மணி நேரம் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. நடுவே யாராவது பேசினால் செயலி அதைக் கண்டுபிடித்து, பேசிய நேரத்தைக் கழித்துவிடும். அவ்வளவு நுட்பமானது."

நாச்சிமுத்து தன்னையறியாமல் எழுந்துவிட்டார். "ஏனுங் சார், பேசாமயே பழகுனா பேச்சு எப்புடிங்க வரும்?"

"அருமையான கேள்வி," என்றார் குணசீலன். "கேள்விகளுக்கு அடுத்த ஆண்டு தனிச் செயலி வருகிறது."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதிலை யோசித்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு குறையும் அவருக்குப் பிடிபடவில்லை.

செவிச்சுடரில் பேசுகிறவன் பெயர் டேனியல். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாது. அவன் ஊரில் எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். அவனிடம் ஒரு நாய் இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு காப்பி குடிக்கப் போனதை மிக மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, நாற்பது நிமிடம் சொல்வான். சொல்லி முடித்ததும், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பான்.

கனிஷ்காவுக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. நாச்சிமுத்துவின் முட்டை, நாமக்கல் ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலமாக மாலத்தீவுக்குப் போகும். முட்டை உடைந்து வந்தது என்று அங்கிருந்து வரும் புகாருக்குப் பதில் சொல்ல ஏற்றுமதிக்காரரின் அலுவலகத்தில் யாருக்கும் விருப்பமில்லாததால், பண்ணைக்காரரே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். மாலேத் துறைமுகத்தில் இப்ராஹிம் என்று ஒரு குமாஸ்தா. வாட்ஸப்பில் அவன் குரலை அனுப்புவான், கனிஷ்கா குரலில் பதில் அனுப்புவாள். முதலில் இரண்டு ஆங்கிலமும் நொண்டின. உடைந்த முட்டைக்காக இரண்டு வருஷம் விடாமல் சண்டை போட்டதில் இரண்டும் ஓட ஆரம்பித்துவிட்டன. அவனுடைய கிடங்குக்காரர்கள் முட்டைத் தட்டை எப்படித் தூக்குகிறார்கள் என்பது வரைக்கும் அவள் ஆங்கிலத்தில் விவரமாகத் திட்டுவாள். நாச்சிமுத்துவுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்று குரலிலேயே தெரியும்.

இப்படிப்பட்டவளால் டேனியலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லும்போதெல்லாம் மணி குறைந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவள் கணக்கில் பதினொரு மணி நேரம்தான் இருந்தது.

"எப்படி இருக்கறீங்கன்னு கேக்கறானுங்கப்பா. பதில் சொல்லாம எப்படி இருக்கறது?"

"கேட்டாக் கேக்கட்டும் சாமி. நீ கம்முனு இரு."

"அவன் சொல்ற கதையில தப்பு இருக்குதுங்கப்பா. அவ்வளவு பனியில நாயைக் கட்டிப்போட்டுட்டு இவன் மட்டும் உள்ள போயி காப்பி குடிக்கறான்."

"அவன் நாயி, அவன் பனி. உனக்கென்ன?"

அவள் கல்லூரிக் கைப்பேசியை ஜன்னலில் வைத்துவிட்டு, தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாலத்தீவுடன் பேசப் போய்விட்டாள்.

முட்டைக்கோழி ஷெட்டில் மனிதக் குரல் ஓயக்கூடாது. இது அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வழக்கம். நிசப்தத்துக்குப் பழகிய கோழி, யாரோ தும்மினால்கூட மிரண்டு கூண்டில் முட்டிக்கொள்ளும். மறுநாள் ஓடில்லாத தோல்முட்டை விழும். ஆகவே விளக்குப் போடும் காலை ஐந்து மணியிலிருந்து அணைக்கும் இரவு ஒன்பது வரை ஷெட்டுக்கு ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். முட்டை பொறுக்குகிறவர்கள் உள்ளே வாயைத் திறக்கமாட்டார்கள். கோழிக்குப் பழகிய குரல் ஒன்றுதான், அது ரேடியோவின் குரல். மூன்றாம் ஷெட் ரேடியோவில் பல்லி செத்து, தோல்முட்டை விழத் தொடங்கியதும் வசந்தாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலில் கல்லூரிக் கைப்பேசி சும்மா கிடந்தது. அதில் ஒருத்தன் நாளெல்லாம் நிதானமாகப் பேசுவான் என்பது அவளுக்குத் தெரியும். எடுத்துப் போய், பல்பு ஹோல்டரிலிருந்து சார்ஜர் இழுத்து, ஆணியில் மாட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. மூன்றாம் நாள் பழகிவிட்டன.

"ஏனுங்க, அந்தத் தம்பி நல்லாப் பேசுதுங்க," என்றாள் வசந்தாமணி. "விளம்பரமே இல்லீங்க. இன்னைக்கு என்னமோ வெசனமா இருந்தாப்புல இருந்துது. நாய்க்கு ஒடம்பு சரியில்ல போல."

புரட்டாசி நடுவில் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பதிவு செய்த குரல் ஒன்று வாழ்த்தியது. செவிச்சுடரை வாங்கிய பதினொரு கல்லூரிகளிலும் கேட்புத் திறனில் முதலிடம் செல்வி கனிஷ்கா. எழுநூற்றுப் பதினெட்டு மணி நேரம். கடைசி ஒரு மாதத்தில் ஒரு நிமிடம்கூடப் பேச்சுக் கழிவு இல்லை.

மூவரும் முற்றத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் ஷெட்டிலிருந்து டேனியல் பேசுவது கேட்டது.

"நானூறு மணி மிச்சமே இருக்குது. ஹால் டிக்கெட் வந்துரும். உடுங்க," என்றாள் வசந்தாமணி.

நாச்சிமுத்துவால் விட முடியவில்லை. தட்டுக்கு முப்பது முட்டை என்றால் முப்பது வைத்துப் பழகிய கை அது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும்போது பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எண்ணி முடித்த தட்டையே திரும்ப எண்ணினார்.

"போய்ச் சொல்லிப்போட்டு வாரேன் சாமி. உன்ற ஹால் டிக்கெட்டுக்கு எதாச்சும் ஆயிருமா?"

கனிஷ்கா சிரித்தாள். "சொல்லுங்கப்பா. அஞ்சு நிமிசம் என்கூட நேர்ல பேசிப் பாக்கச் சொல்லுங்க. அப்பறம் அவங்களே குடுத்துருவாங்க."

இங்கிலீஷ் தெரிந்த பெண்ணுக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுத அனுமதி கிடைக்காதா என்று அவரும் நினைத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்லூரியில் அப்படியொரு அமைதி. வாயிற்காவலர் காதில் இயர்போனோடு, வாயில் விரலை வைத்துக் காட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கினார். வகுப்புகளில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகுப்பில் ஒரு பெண் தும்மலை அடக்கிக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தோளில் ஏழெட்டு சார்ஜர் ஒயர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் பெஞ்சுக்குப் பெஞ்சு செருகிக்கொண்டு போனார். நாச்சிமுத்துவைக் கண்டதும் சைகை காட்டி மாடிப்படிக்கு அடியில் அழைத்துப் போனார்.

"இங்க மட்டும்தான் பேசலாங்க. மைக் எட்டாது. நான் மைதிலி. ஒம்பது வருசம் இங்கிலீஷ் எடுத்தேன். இப்ப மின்னேற்ற ஒருங்கிணைப்பாளர்."

"கனிஷ்காவோட அப்பனுங்க."

"தெரியுங்க. உங்க பொண்ணு நல்லாப் பேசுவா." அவர் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டார். "அத யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

குணசீலனின் அறையில் பெங்களூரிலிருந்து வந்திருந்த செயலிக் கம்பெனிப் பிரதிநிதி சந்தோஷ்குமாரும் இருந்தார். நாச்சிமுத்து உட்காராமலே சொன்னார்.

"சார், என்ற புள்ள அத்தன மணி நேரம் கேக்கலீங்க. கேட்டதெல்லாம் கோழிங்க."

குணசீலன் நெகிழ்ந்துபோனார். "பாருங்க சந்தோஷ், விவசாயிகளுடைய பணிவு. எவ்வளவு பெரிய சாதனை, தன் பெண்ணைக் கோழி என்கிறார்."

"பணிவில்லீங்க சார். நெசமாலுமே கோழி. மூணாவது ஷெட்டு. அஞ்சாயிரம் உருப்படி."

குணசீலன் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை உருட்டினார். சந்தோஷ்குமார் மடிக்கணினியைத் திறந்து எதையோ பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"சார், ஒருநாள்கூட ஸ்கிப் பண்ணல. நடுவுல நிறுத்தல. நாங்க கம்பெனி ஆரம்பிச்சதிலிருந்து இப்படி ஒரு யூசரைப் பார்த்ததே இல்லை. யார் கேட்கறாங்கன்றது செயலியோட வேலையில்லை சார். கேட்கப்பட்டதுன்றதுதான் தரவு."

மறுவாரம் ஆய்வுக்குழு வந்தது. ஐந்து பேர். காரிலிருந்து இறங்கியதும் நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே வந்தால் பேசக்கூடாது, தும்மக்கூடாது, ஷூவைக் கழற்றிவிட்டு மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து வர வேண்டும் என்றார். குணசீலன் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஷெட்டுக்குள் ஐந்து பேரும் கால் மணி நேரம் நின்றார்கள். இருபுறமும் கூண்டு கூண்டாகக் கோழிகள். ஆணியில் தொங்கிய கைப்பேசியில் டேனியல், ரயில் நிலையத்தில் தொலைந்த குடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கோழிகள் தின்றன, கொக்கரித்தன, முட்டையிட்டன. மனிதக் குரல் அல்லாததால் கொக்கரிப்பைச் செயலி பொருட்படுத்தவில்லை. முட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து நின்றன.

வெளியே வந்ததும் குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் மாணவர்களிடம் தேடிய ஒழுக்கத்தை இன்று பார்த்தேன். எவ்வளவு ஈடுபாடு. ஒரு கோழியாவது கதவைப் பார்த்ததா? ஒன்றாவது எதற்கு இதைக் கேட்கிறோம் என்று கேட்டதா? கேட்டுக்கொண்டே கடமையையும் செய்கின்றன. நம் வளாகம் எங்கே தவறியது என்பது இன்றுதான் புரிகிறது. ஐயா, ஒரு கூண்டுக்கு எத்தனை?"

"மூணு விடலாங்க. நாலு விட்டா கொத்திக்கும்."

"மூன்று. எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு?"

"பதினாறு மணி நேரமுங்க."

"தீவனம்?"

"காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அலகு வெட்டியிருக்கோணும்."

சந்தோஷ்குமார் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். குணசீலன் சற்று யோசித்துவிட்டு, "அது இரண்டாம் கட்டம்," என்றார்.

இவ்வளவு நேரமும் நாச்சிமுத்து ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை என்றதும் அவரே எடுத்தார். "சார், புள்ளையோட ஹால் டிக்கெட்டுங்க?"

குழுவிலிருந்த ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் விதி: கேட்பு மணி கேட்டவருக்கே உரியது, பிறருக்கு மாற்ற இயலாது. எனவே எழுநூற்றுச் சொச்ச மணியும் மூன்றாம் ஷெட்டின் பெயரில் வரவு வைக்கப்படும். சந்தோஷ்குமார் அங்கேயே மாற்றிவிட்டார்; கனிஷ்காவின் பெயரில் இருப்பது பதினொரு மணி. தேவை முந்நூறு. தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

"அதுக்குத்தானுங்களே உண்மையச் சொன்னேன்," என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகு அந்த வாக்கியத்தின் அர்த்தம் அவருக்கே விளங்கவில்லை.

"உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். அதையும் கோப்பில் எழுதுகிறோம்."

"அவளோட பேசிப் பாருங்க சார். அஞ்சே நிமிசம். நல்லாப் பேசுவா."

கனிஷ்கா முட்டைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். குழு வேப்பமரத்தடி நாற்காலிகளில் உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் உரையாடலாம் என்று அவளே ஆங்கிலத்தில் தொடங்கினாள். மாலத்தீவுக் கிடங்குச் சண்டையில் பழகிய வேகம். முந்நூறு மணி நேரம் என்பதை யார் தீர்மானித்தது என்று கேட்டாள். பேசக் கூடாத மொழியைக் கேட்டு என்ன செய்வது என்று கேட்டாள். டேனியலின் நாய் விஷயத்தையும் சொன்னாள். மைதிலி அம்மாவை ஒயர் தூக்க வைத்ததைச் சொன்னபோது அவள் குரல் உயர்ந்தது. நடுவே இரண்டு முறை குணசீலன் பதில் சொல்ல வாயெடுத்தார். முதல் முறை ஓர் ஆங்கில வாக்கியத்தில் பாதி வரைக்கும் போனார். இரண்டாம் முறை தலையை மட்டும் ஆட்டினார்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது தெரிந்தது. வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் முடித்தாள். குழுவில் ஒருவர் கைதட்ட எடுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரளம்," என்றார் குணசீலன், தமிழில். "மிகவும் சரளம். சந்தோஷ், பதிவாகியிருக்கிறதா?"

சந்தோஷ்குமார், ஆய்வுக்காகத் தன் கைப்பேசியில் கனிஷ்காவின் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். டேனியல் குறைந்த ஒலியில் ஓடிக்கொண்டிருந்தான். அவர் திரையைப் பார்த்தார். "ஆகியிருக்குது சார். ஒன்பது நிமிஷம் தொடர்ச்சியான மனிதப் பேச்சு. கழிச்சிருக்குது. இப்ப பத்து மணி ஐம்பத்தொரு நிமிஷம்."

"பார்த்தாயா அம்மா," என்றார் குணசீலன், மனம் வருந்தியவராக. "இருந்ததும் போயிற்று. இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறோம்."

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் எதையாவது சொல்வார் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் வேப்பமரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றார்.

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி, "நீங்க போயிச் சொல்லாம இருந்திருந்தா?"

அவர் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு மூன்றாம் ஷெட்டுக்குள் போனார்.

அதன் பிறகு ஆனவை இவை. ஞானமேருவின் வடக்குக் கட்டடத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்புகள் வைத்து, தடுப்புக்கு மூவராக மாணவர்களை உட்கார வைத்தார்கள். விளக்கு பதினாறு மணி நேரம் எரிந்தது. குணசீலன் இதைக் கட்டுரையாக எழுதிக் கருத்தரங்கில் வாசித்தார்; இப்போது பதினொரு கல்லூரிகளுக்கும் ஆலோசகர். சந்தோஷ்குமார் வேலையை விட்டுவிட்டுக் கோழிப் பண்ணைகளுக்கான செயலி ஒன்றைத் தொடங்கினார், நன்றாகப் போகிறது என்கிறார்கள். மைதிலி ராசிபுரத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள், மூவரும் சத்தமாகப் பேசுவதாக அக்கம்பக்கத்தில் புகார் இருக்கிறது. மூன்றாம் ஷெட்டுக்கு வந்த சான்றிதழை, ஷெட்டுச் சுவர் ஈரமாக இருப்பதால் கல்லூரி அலுவலகத்திலேயே மாட்டிவைத்தார்கள். அந்தக் கோழிகள் எழுபத்து நான்கு வார வயதில் இறைச்சிக்காக இரண்டு லாரிகளில் கேரளாவுக்குப் போயின. வசந்தாமணி புது ரேடியோ வாங்கினாள்.

நவம்பரில் கனிஷ்காவுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. அடுத்த பருவத்தில் வடக்குக் கட்டடத்துத் தடுப்பில் உட்கார்ந்து முந்நூறு மணி நேரமும் கேட்டு முடித்தாள். ஏப்ரலில் இரண்டு பருவத் தாள்களையும் எழுதி முதல் வகுப்பில் தேறினாள். கேட்ட அந்த மாதங்களில், நிமிடம் குறைந்துவிடும் என்று, அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.